பாம்பாற்றுப் பெருமீன்: பெயர் தேடிய ஒரு வரலாறு

"மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக்கொடுக்கணுமா?" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் கேட்பதுண்டு. கற்றுக்கொடுக்க வேண்டாம், உண்மைதான். ஆனால் ஆற்றில் குஞ்சு இருக்கிறதா என்று யாராவது எண்ணிப் பார்க்க வேண்டும். தென்னிந்திய ஆறுகளின் மிகப் பெரிய கெண்டை மீனுக்கு அப்படி எண்ணிப் பார்க்க நெடுங்காலம் ஆள் இல்லாமல் போயிற்று. அதற்கு ஒரு சரியான பெயர்கூட இல்லாமல் இருந்தது. பெயர் கிடைத்தது நம் காலத்தில்தான், அதுவும் இடுக்கி மாவட்டத்து ஆறு ஒன்றிலிருந்து. அந்த மீனின் வரலாற்றை நம் சங்க மலரைப் படிக்கும் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மேற்கே ஒரு தண்ணீர், கிழக்கே ஒரு தண்ணீர்

நான் பிறந்து வளர்ந்தது சூரியநெல்லி. இடுக்கி மாவட்டத்தில் சின்னக்கானலை ஒட்டிய தேயிலைத் தோட்டப் பகுதி. மேலே ஏறினால் கொழுக்குமலை. போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கினால் போடிநாயக்கனூர். கேரள எல்லைக்குள் இருந்தாலும் லயத்து வீடுகளில் பேச்சு தமிழ்தான். இப்போது பிழைப்புக்காகப் பெங்களூரில் குடியிருக்கிறேன். வீட்டுக் குழாயில் வருவது காவேரித் தண்ணீர்.

எங்கள் ஊர் ஓடைகள் ஆனையிறங்கல் அணைக்குப் போகும். அங்கிருந்து பன்னியாறு, முதிரப்புழை, பெரியாறு என்று மேற்கே இறங்கி அரபிக்கடலில் சேரும். மூணாறைத் தாண்டிச் சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள மறையூருக்குப் போனால் தண்ணீர் திசை மாறிவிடும். ஆனைமுடிச் சரிவில் பிறக்கும் பாம்பாறு கிழக்கே ஓடுகிறது. சின்னாறு வனவிலங்கு சரணாலயத்துக்குள் தூவானம் அருவியாக விழுந்து, கூட்டாறு என்ற இடத்தில் சின்னாற்றோடு கலந்து, தமிழ்நாட்டுக்குள் அமராவதி என்று பெயர் பெறுகிறது. உடுமலைப்பேட்டை, தாராபுரம் வயல்களுக்குப் பாய்ந்து, கரூருக்கு அருகே காவேரியில் சேர்கிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றே மூன்று: கபினி, பவானி, பாம்பாறு.

பாம்பாறு என்றால் நம்மில் பலருக்கு நினைவு வருவது காவேரி வழக்குத்தான். 2007-இல் நடுவர் மன்றம் அளித்த இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்கு 30 டி.எம்.சி. ஒதுக்கினார்கள், அதில் பாம்பாற்றுப் பங்கு 3 டி.எம்.சி. தண்ணீருக்குப் பங்கு போட்டோம். தண்ணீருக்குள் இருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எங்கள் சித்தப்பா மறையூர்ப் பக்கம் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறைக்குப் போகும்போது ஆற்றோரம் உட்கார்ந்து சொல்வார்: "நம்ம பக்கத்துத் தண்ணியில இருக்கிற குயில் மீனு வேற, இங்க இருக்கிறது வேறடா. இதுக்கு முதுகு தூக்கியிருக்கும்." குயில் என்பது மகசீர் மீனுக்கு மலையாளத்தில் வழங்கும் பெயர். சித்தப்பாவுக்கு எழுத்துப் படிப்பு அதிகம் இல்லை. ஆனால் அவர் ஒரே வாக்கியத்தில் சொன்ன வேறுபாட்டை அறிவியல் முறைப்படி நிலைநாட்ட 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எப்படிப்பட்ட மீன் இது?

மகசீர் என்பது ஒரே மீன் அல்ல, ஒரு கூட்டம். இமயமலை ஆறுகளிலிருந்து மலேசியா, இந்தோனேசியா வரை இதன் பல இனங்கள் வாழ்கின்றன. எல்லாம் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் சந்தையில் கிடைக்கும் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் இவை உறவுதான். பழைய மீன் நூல்கள் தமிழில் பூமீன் கெண்டை, பொம்மீன் என்றெல்லாம் பெயர் தருகின்றன. கன்னடத்தில் பிளி மீனு, அதாவது வெள்ளை மீன்.

செதில்கள் பெரியவை. தடித்த உதடு. வாயோரம் இரண்டு ஜோடி மீசை. தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள்தான் பல் வரிசை. நண்டையும் நத்தையையும் அங்கே வைத்து நொறுக்கிவிடும். கரை மரத்திலிருந்து விழும் பழம், பூச்சி, சிறு மீன் எல்லாம் இதற்கு உணவு. எனவே ஆற்றோரக் காடு அழிந்தால் இந்த மீனுக்குச் சாப்பாட்டில் ஒரு பங்கு போய்விடும்.

இதற்குத் தெளிந்த, வேகமாக ஓடுகிற, காற்றோட்டமுள்ள தண்ணீர் வேண்டும். கோடையில் பாறை மடுக்களில் ஒதுங்கிக் கிடக்கும். மழை தொடங்கி வெள்ளம் ஏறியதும் மேல்நோக்கி நீந்திப் போய், கூழாங்கல் படிந்த இடங்களில் முட்டையிடும். இதைத் தடுக்க ஓர் அணை போதும்.

இரண்டு விஷயங்களை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, இதன் பிள்ளைப்பேறு குறைவு. ரோகு போன்ற வளர்ப்பு மீன்கள் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு லட்சக்கணக்கில் முட்டையிடும். மகசீர் ஆயிரக்கணக்கில்தான் இடும். ரோகு முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். மகசீர் முட்டைக்கு மூன்று நான்கு நாள் ஆகும். பொரிந்த குஞ்சும் உடனே நீந்திவிடாது. வயிற்றில் கட்டிய மஞ்சள் கருவோடு சில நாள் கற்களின் இடுக்கில் கிடக்கும். இரண்டாவது, இது மெதுவாக வளர்ந்து, நெடுநாள் வாழும் மீன். மரத்தை வெட்டினால் வயது வளையம் தெரிவதுபோல இதன் செதிலிலும் வளையம் விழும். 40, 50 கிலோ மீன் ஒன்று உருவாகப் பல மழைக்காலங்கள் வேண்டும்.

இந்த நீண்ட ஆயுள்தான் பின்னால் மனிதர்களின் கண்ணை மறைத்தது. அதற்கு வருகிறேன்.

அரசர்களும் துரைமார்களும்

மீன் பிடித்தலை ஒரு கலையாக எழுதிவைத்த பழைய நூல் நம் தென்னாட்டிலேயே உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரனின் பெயரால் வழங்கும் 'மானசோல்லாசம்' என்ற சமஸ்கிருதக் களஞ்சியத்தில் மீன்பிடி விளையாட்டுக்கென ஒரு பகுதி இருக்கிறது. மீன்களின் வகை, எந்த மீனுக்கு என்ன இரை என்பதெல்லாம் அதில் வரும். நம் பாண்டியர்கள் மீனையே சின்னமாகக் கொண்டவர்கள். சிருங்கேரியில் துங்கை ஆற்றிலும், தென் கன்னடத்துச் சிசிலாவில் கபிலை ஆற்றிலும், காவேரிக் கரையில் ராமநாதபுராவிலும் கோயில் படித்துறை மீன்களைப் பிடிக்கக்கூடாது என்று காத்துவந்தார்கள். இன்றும் சிருங்கேரிக்குப் போகும் நம்மவர்கள் பொரி வாங்கிப் போடுகிறார்களே, அவை மகசீர் வகை மீன்கள்தான்.

அறிவியல் முறையில் எழுதத் தொடங்கியவர்கள் ஆங்கிலேயர்கள். கர்னல் சைக்ஸ் என்ற அதிகாரி 1839-இல் பூனாப் பகுதி ஆற்று மீன்களை விவரித்தார். அவற்றில் ஒன்று 'குத்ரீ', இன்னொன்று 'முசுல்லா'. குத்ரீ என்பதுதான் பின்னாளில் நீலத்துடுப்பு மகசீர் என்று புகழ்பெற்றது. முசுல்லா என்ற பெயரின் கதை வேறு. காவேரியில் வாழ்ந்த கூன்முதுகு மீனுக்கு 20-ஆம் நூற்றாண்டில் சிலர் அந்தப் பெயரைத் தூக்கி ஒட்டிவிட்டார்கள். சைக்ஸ் பார்த்த முசுல்லா மகசீரே அல்ல, வேறொரு கெண்டை இனம் என்று 2013-இல்தான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இடைப்பட்ட காலம் முழுக்க நம் மீன் இரவல் பெயரில் இருந்தது.

சென்னை மாகாண அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உலகெங்கும் தூண்டில்காரர்கள் மகசீரைத் தேடி வரக் காரணமான நூல்களில் அது முக்கியமானது. அதே காலத்தில் ஃபிரான்சிஸ் டே என்ற இராணுவ மருத்துவர் இந்திய மீன்களை முறையாகப் பட்டியலிட்டார். அவருடைய 'இந்திய மீன்கள்' 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. நஞ்சு கலந்தும் சின்னக் கண்ணி வலைகளாலும் குஞ்சுகளை அழிக்கிறார்கள் என்று அவர் அரசுக்கு எச்சரிக்கை எழுதினார். வெடி வைத்தோ விஷம் கலந்தோ மீன் பிடிப்பதைக் குற்றமாக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் வந்தது.

மீனின் பருமன் எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று. மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்வதில் பெயர்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் 1946-இல் கபினி ஆற்றில் பிடித்த மகசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. ஒரு முழு மனிதனின் எடை! அது கூன்முதுகு மகசீர்.

இதே காலத்தில் எங்கள் மூணாறு மலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்துத் துரைமார்களுக்கு ஊர் நினைவு வந்தது போலிருக்கிறது. கடல் கடந்து ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து மலை ஓடைகளில் விட்டார்கள்; ராஜமலையில் அதற்குக் குஞ்சு பொரிப்பகமும் அமைத்தார்கள். நீலகிரியில் அவலாஞ்சியிலும் அப்படியே. வந்த மீனுக்குப் பொரிப்பகமும் காவலும் சங்கமும் இருந்தன. அதே ஆனைமுடியின் மறுசரிவில் ஓடிய பாம்பாற்று மீனுக்குச் சொந்தமாக ஒரு பெயர்கூட இல்லை.

நல்லெண்ணத்தில் விட்ட குஞ்சுகள்

சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டுக்கு உணவு வேண்டியிருந்தது. மீன் வளர்ப்பு பெருகியது. அதற்கு முன் குளத்தில் விடக் குஞ்சு வேண்டுமானால் ஆற்று வெள்ளத்தில் அள்ளித்தான் கொண்டுவர வேண்டும். ரோகுவும் கட்லாவும் குளத்தில் முட்டையிடா. 1957-இல் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி ஒரிசாவில் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி அவற்றை முட்டையிட வைத்தார். ஜூலை 10-ஆம் தேதியை மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுவது அதன் நினைவாகத்தான்.

இந்த உற்சாகத்தின் தொடர்ச்சியாக மகசீர் பக்கமும் பார்வை திரும்பியது. மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவில் டாட்டா மின் நிறுவனத்தின் ஏரிகளில் 1970-களில் நீலத்துடுப்பு மகசீரைச் செயற்கை முறையில் பெருக்கினார்கள். தாய் மீனின் வயிற்றை மெல்ல நீவி முட்டையை எடுத்து, ஆண் மீனின் விந்தோடு கலந்து, ஓடும் தண்ணீர்த் தட்டுகளில் பொரிக்கவைக்கும் முறை அது. மகசீர் அருகிவருகிறது என்ற கவலையில் அவர்கள் செய்த அரிய பணி அது, பாராட்ட வேண்டியதுதான். அங்கிருந்து விரலளவுக் குஞ்சுகள் பல மாநிலங்களுக்குப் போயின. காவேரிக்கும் வந்தன. பிறகு கர்நாடக மீன்வளத் துறை குடகில் ஹாரங்கியில் சொந்தமாகப் பொரிப்பகம் வைத்து ஆற்றில் குஞ்சு விட்டுவந்தது.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. மகசீர் குறைகிறது, மகசீரை விடுகிறோம் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் காவேரியின் சொந்த மீன் ஆரஞ்சு நிறத் துடுப்பும் தூக்கிய முதுகும் கொண்டது. விட்ட மீன் கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்து நீலத்துடுப்பு மீன். இரண்டையும் 'மகசீர்' என்ற ஒரே சொல் மூடிவிட்டது. 'சோறு' என்று பொதுவாகச் சொன்னால் மாப்பிள்ளைச் சம்பாவும் பொன்னியும் ஒன்றாகிவிடுவது போல.

அணைகள் ஏற்கெனவே ஆற்றைத் துண்டு துண்டாக்கியிருந்தன. மேட்டூர் 1934-இல், அமராவதி 1957-இல், கபினி 1974-இல். 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்கத் திலாப்பியா, நாம் ஜிலேபிக் கெண்டை என்கிறோமே அது, அமராவதி அணையில் பெருகிப் பேர் வாங்கியது. மணல் அள்ளுதல், வெடி வைத்தல், ஆலைக் கழிவு எல்லாம் சேர்ந்துகொண்டன. அப்படி நலிந்திருந்த நேரத்தில் போட்டிக்கு ஓர் உறவுக்காரனும் வந்து சேர்ந்தான்.

பெரிய மீனைப் பார்த்து ஏமாந்த கதை

இனி நான் முன்பு சொன்ன நீண்ட ஆயுள் விஷயம். பெங்களூருக்குத் தெற்கே காவேரிக் கரையில் காலிபோரே என்ற இடத்தில் தூண்டில்காரர்களுக்கான முகாம் ஒன்று இருந்தது. பிடித்த மீனை எடை போட்டுக் குறித்துக்கொண்டு மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். 1998 முதல் 2012 வரை எழுதிய அந்தக் குறிப்பேடுகளை ஏட்ரியன் பின்டர், ராஜீவ் ராகவன் முதலிய ஆய்வாளர்கள் எடுத்துக் கணக்குப் போட்டு 2015-இல் வெளியிட்டார்கள். 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பு, 6,161 மகசீர்கள். சிறியது அரைக் கிலோவுக்கும் குறைவு, பெரியது 46.8 கிலோ.

மொத்தக் கணக்கைப் பார்த்தால் மீன் பெருகியிருக்கிறது, மகிழ்ச்சி. இனம் பிரித்துப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. பெருகியது நீலத்துடுப்பு. கூன்முதுகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்திருக்கிறது. அதைவிட முக்கியம், அகப்பட்ட கூன்முதுகு மீன்களின் சராசரி எடை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. எடை ஏறினால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. குஞ்சும் இளசும் அகப்படவில்லை, கிழடுகள் மட்டும் அகப்படுகின்றன என்பதுதான் அதன் பொருள். புதுத் தலைமுறை வருவது நின்றுவிட்டது.

குறுகிய ஆயுள் கொண்ட அயிரை மீன் இனப்பெருக்கம் செய்யாவிட்டால் ஓரிரு ஆண்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நெடுநாள் வாழும் மீனில் தெரியாது. பெரிய மீன் ஒன்று தூண்டிலில் சிக்கியதும் "ஆகா, இன்னும் இருக்கு" என்று படம் எடுத்துக்கொள்வோம். பாட்டன் பாட்டி மட்டும் வாழும் வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்து வம்சம் தழைக்கிறது என்று நினைப்பது போன்றது அது.

பெயர் கிடைத்தது

இங்கேதான் எங்கள் இடுக்கி மாவட்டம் கதைக்குள் வருகிறது. கொச்சியில் மீன்வள ஆய்வு செய்துவந்த பேராசிரியர் பி. மதுசூதன குருப்பும் கே. வி. ராதாகிருஷ்ணனும் சின்னாறு சரணாலயத்துக்குள் பாம்பாற்றில் கிடைத்த சிறிய மகசீர்களை ஆராய்ந்தார்கள். இவை தனி இனம் என்று கண்டு, இந்திய விலங்கியல் அளவைத் துறையின் மீனியல் அறிஞர் கே. ரெமாதேவியின் பெயரை வைத்தார்கள்: டோர் ரெமாதேவி. சின்னாறு 1984-இல் சரணாலயமானதால் அந்த நீர்ப்பகுதிக்கு ஓரளவு காவல் இருந்தது. அந்தக் காவலில்தான் இந்தச் சிறு மீன்கள் தப்பியிருந்தன என்று நினைக்கத் தோன்றுகிறது.

அப்போதும் பாம்பாற்றுக் குட்டி மீனும் காவேரியின் 50 கிலோ கூன்முதுகும் ஒன்று என்று யாரும் முடிச்சுப் போடவில்லை. 2018-இல் பின்டர், ராகவன் ஆகியோரோடு கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தின் அ. மணிமேகலன் உள்ளிட்ட குழுவினர் மோயாற்று மீன்களையும் பாம்பாற்று மீன்களையும் உடலமைப்பிலும் மரபணுவிலும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றே. தூண்டில்காரர்கள் நூற்றாண்டுக்கு மேலாகப் பேசிவந்த பெருமீனுக்கு அன்றுதான் சரியான அறிவியல் பெயர் உறுதியாயிற்று.

'பெயரில் என்ன இருக்கு?' என்று கேட்கலாம். பெயர் இல்லாத இனத்தைச் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் சேர்க்க முடியாது. அதற்கென்று திட்டம் போட முடியாது, பணம் ஒதுக்க முடியாது. ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவனுக்கு அரிசி கிடைக்காத கதைதான். பெயர் உறுதியான அதே 2018-இல், மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம் என்று சிவப்புப் பட்டியலில் ஏறியது. அதே பட்டியலில் நீலத்துடுப்பு மகசீர் இன்று கவலை குறைந்த இனமாக இருக்கிறது. ஒன்றுக்குப் பயந்து இன்னொன்றைக் காப்பாற்றியிருக்கிறோம்!

வளர்த்தால் லாபமா?

ஊருக்குப் போகும்போது உடுமலைப் பக்கத்து உறவினர்கள் கேட்கிறார்கள்: "மாப்ளே, இவ்வளவு பெரிய மீனுங்கறீங்க, பண்ணைக்குட்டையில விட்டா காசு பாக்கலாமா?" நியாயமான கேள்வி.

கட்லா, ரோகு, மிர்கால் சேர்த்து வளர்க்கும் கூட்டு மீன் வளர்ப்பில் ஓராண்டில் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்கு மீன் வந்துவிடும். மகசீர் அந்த எடைக்கு வரப் பல ஆண்டு எடுத்துக்கொள்ளும். தேங்கிய சூடான குட்டைத் தண்ணீர் அதற்கு ஒத்துவராது. காற்று குறைந்தால் முதலில் செத்து மிதப்பது அதுதான். ஆக, சோற்றுக்கு மீன் வேண்டும் என்றால் இது பொருத்தமில்லை.

அதற்காக மதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. மலேசியாவில் நம் தமிழர்களைக் கேட்டால் தெரியும். சரவாக் மாநிலத்தில் எம்புராவ் என்றொரு மகசீர் இனம் உண்டு. ஆற்றில் விழும் காட்டுப் பழங்களைத் தின்று வளர்வதால் அதன் சதைக்குத் தனி ருசி என்பார்கள். கிலோ நூற்றுக்கணக்கான ரிங்கிட் விலை போகும். அரசே தாராட் என்ற ஊரில் உள்நாட்டு மீன் ஆராய்ச்சி நிலையம் வைத்து அதைப் பெருக்கப் பாடுபடுகிறது. வளர்க்கும் வீட்டார் வருடக்கணக்கில் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். நம் நாட்டில் உத்தராகண்டின் பீம்தாலில் உள்ள குளிர்நீர் மீன் ஆராய்ச்சி நிலையம் இமயத்துப் பொன்நிற மகசீரைப் பெருக்கும் முறைகளை வகுத்திருக்கிறது. எனவே தொழில்நுட்பம் இல்லாத குறை இல்லை.

கூன்முதுகு மீனுக்கு வளர்ப்பின் பயன் வேறு. அதைத் தட்டில் வைப்பதற்காக அல்ல, ஆற்றுக்கே திருப்பித் தருவதற்காக வளர்க்க வேண்டும். அதற்கு மூன்று நிபந்தனைகள். தாய் மீன் இந்த இனம்தான் என்று மரபணுச் சோதனையில் உறுதியாக வேண்டும். ஒரே ஜோடியின் பிள்ளைகளாக இல்லாமல் பல தாய் தந்தையரின் குஞ்சுகளாக இருக்க வேண்டும். விடுகிற இடத்தில் நீலத்துடுப்புக் குஞ்சு விடுவதை நிறுத்த வேண்டும். இதைவிட மலிவான வழியும் உண்டு: மோயாற்றிலும் பாம்பாற்றிலும் எஞ்சியிருக்கும் மடுக்களை வெடிக்கும் விஷத்துக்கும் தப்ப வைத்து, முட்டையிடும் காலத்தில் தண்ணீர் ஓடவிடுவது.

பொதுமக்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2018 பெருவெள்ளத்தின்போது கேரளத்தில் பண்ணைகளிலிருந்தும் தொட்டிகளிலிருந்தும் தப்பிய அரபைமா என்ற அமேசான் ராட்சத மீன் உள்ளூர் மீனவர் வலையில் வந்து விழுந்தது. அழகுக்கு வாங்கிய தொட்டி மீன் பெரிதாகிவிட்டால் புண்ணியமாகப் போகட்டும் என்று ஏரியில் விடுவது நம் நகரத்துக் குடும்பங்களில் சாதாரணமாக நடப்பது. அது புண்ணியமே அல்ல. அந்த ஏரியின் சொந்தக் குடிகளுக்கு நாம் செய்யும் துரோகம்.

நமக்கும் ஒரு சேதி

ஊரை விட்டு வந்த நமக்கு இந்த வரலாறு வேறொரு விதத்திலும் உறைக்கும். நம் சங்க விழாக்களில் மண்டபம் நிறைகிறது. முன்வரிசையில் வேட்டியும் பட்டுப்புடவையுமாகப் பெரியவர்கள்; மேடையில் நல்ல தமிழ். பார்க்கும் எவரும் தமிழ் இங்கே செழிக்கிறது என்றுதான் சொல்வார்கள். காலிபோரேக் குறிப்பேட்டைப் படித்த பிறகு நான் முன்வரிசையை எண்ணுவதில்லை. மண்டபத்துக்கு வெளியே ஓடி விளையாடும் பிள்ளைகள் தங்களுக்குள் எந்த மொழியில் சண்டை போடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்கிறேன். எண்ண வேண்டியது அங்கேதான்.

அடுத்த விடுமுறையில் மூணாறு போகிறவர்கள் ராஜமலையோடு திரும்பிவிடாமல் மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கிப் பாருங்கள். சாலையோரம் கூடவே வரும் ஆறு பாம்பாறு. மீன் கண்ணில் படும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தண்ணீருக்குள் முதுகு தூக்கிய ஒரு பெருமீன் இனம் இருக்கிறது, அதற்கு டோர் ரெமாதேவி என்று பெயர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த பிள்ளை பிறகு எத்தனை மிச்சம் இருக்கிறது என்று தானாகவே கேட்கும்.